கொரில்லாவா, கெரில்லாவா, கரந்தடியா?

பள்ளியில் ‘கொரில்லாப் போர்’ என்று படித்தபோது என் மனக்கண்ணில் வந்து நின்றது கறுத்த பெரிய குரங்குதான். இரண்டையும் ஒரே மாதிரி எழுதித் தொலைத்ததால் வந்த வினை. குரங்குக்கும் இந்தப் போருக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

ஸ்பானிய மொழியில் ‘கெர்ரா’ என்றால் போர். சிறியது என்பதைக் காட்டும் விகுதி சேர்ந்து ‘கெர்ரியா’ ஆகிறது. அதாவது, குட்டிப் போர். 1808 முதல் 1814 வரை ஸ்பெயின் மக்கள் சிறு சிறு கூட்டமாகத் தாக்கி நெப்போலியன் படையை அலைக்கழித்தபோதுதான் சொல் ஐரோப்பா முழுக்கப் பரவியது.

வேடிக்கை என்னவென்றால், அதே உத்தியிடம் ஸ்பெயின் மன்னரின் படையும் அடி வாங்கியது. ஸ்பெயினிடமிருந்து விடுதலைக்குப் போராடிக்கொண்டிருந்த அர்ஜென்டினாவின் வடக்கு எல்லையில் உள்ள சால்டாவுக்கு 1815இல் ஆளுநரானவர் மார்ட்டின் மிகேல் டி குவேமெஸ். இன்றைய பொலிவியா பக்கமிருந்து அரச படை திரும்பத் திரும்ப இறங்கி வந்தது. எதிர்த்து நிற்க இவரிடம் இருந்தவர்கள் பெரும்பாலும் கௌச்சோக்கள், குதிரையேறி மாடு மேய்ப்பவர்கள். முள் காலைக் கிழிக்காமலிருக்கச் சேணத்தின் இருபுறமும் விறைப்பான தோலை விரித்துக் கட்டியிருப்பார்கள். புதருக்குள் பதுங்கியிருந்துவிட்டு, அந்தத் தோலைச் சாட்டையால் படபடவென்று அடித்துக்கொண்டே பாய்வார்கள்.

1817இல் அரசப் படைத்தளபதி லா செர்னா சால்டா நகரைப் பிடித்தார். பிடித்து என்ன? சுற்றுவட்டாரத்தில் ஆடுமாடு இல்லை, தீனி இல்லை, திரும்பிப் போனார். அதே ஆண்டு விடுதலைப் படைத்தளபதி சான் மார்ட்டின் ஆண்டிஸ் மலையைக் கடந்து சிலிக்குள் இறங்கினார் என்றால், இந்தப் பக்கக் கதவைக் குவேமெஸ் அடைத்து வைத்திருந்ததும் ஒரு காரணம். குவேமெஸ் 1821 ஜூன் 7ஆம் தேதி இரவு குண்டடி பட்டு, 17ஆம் தேதி இறந்தார். வயது 36.

சரி, தமிழில்? ‘கரந்தடிப் போர்’. கரத்தல் என்றால் மறைதல், மறைத்தல். ‘காக்கை கரவா கரைந்துண்ணும்’ என்ற குறளில் வரும் அதே கரவுதான். கரந்து, அப்புறம் அடி: கௌச்சோக்கள் செய்ததும் அதே வரிசையில்தான். ஸ்பானியச் சொல் போரின் அளவை மட்டும் சொல்கிறது. நம் சொல் உத்தியையே சொல்லிவிடுகிறது. ஈழத்து எழுத்தில் இது நன்றாகப் புழங்கும் சொல். ‘மறைமுகப் போர்’ என்று சிலர் எழுதுவது பொருந்தாது. அது வேறொருவரைத் தூண்டிவிட்டு நடத்துவது. கடன்சொல்தான் வேண்டுமென்றால் ‘கெரில்லா’ என்றே எழுதலாம்.

இன்னொன்று, கரந்தைத் திணையோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். பகைவர் கவர்ந்துபோன ஆநிரையை மீட்பவர்கள் சூடிய பூவின் பெயர் அது.