மரைன்: கடற்படை வீரரா, காலாளா?

ஆங்கிலச் செய்தியில் "யு.எஸ். மரைன்" என்று வந்தால் தமிழில் அது பெரும்பாலும் "அமெரிக்க கடற்படை வீரர்" ஆகிவிடுகிறது. படிக்கிறவர் மனதில் வெள்ளைச் சட்டையும் தொப்பியுமாகக் கப்பல் தளத்தில் நிற்கும் ஓர் ஆள் வருவார். செய்தியில் இருப்பவரோ முதுகில் மூட்டையும் கையில் துப்பாக்கியுமாக ஏதோ ஒரு மலையில் மாதக்கணக்கில் நடந்து சண்டை போட்டவர். ஒரு மனிதரின் போர்க்கால வாழ்க்கையையே இந்த மொழிபெயர்ப்பு மாற்றிச் சொல்கிறது என்பதால், இந்தச் சொல்லைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்பது அவசியம் என்று நினைக்கிறேன்.

முதலில் உச்சரிப்பு. ஆங்கிலத்தில் அது "மரீன்" என்றே ஒலிக்கும். தமிழில் மரைன் இன்ஜினியரிங், மரைன் போலீஸ் என்று பழகிவிட்டதால் "மரைன்" நிலைத்துவிட்டது, அதை இனிமேல் மாற்ற வேண்டியதில்லை. குழப்பத்துக்குக் காரணமும் இந்தப் பழக்கம்தான். மரைன் இன்ஜினியர் கப்பலில் வேலை பார்ப்பவர், மரைன் போலீஸ் படகில் ரோந்து போகிறவர், அப்படியென்றால் மரைன் வீரரும் கப்பல்காரர்தானே என்று எண்ணத் தோன்றும். சொல்லின் வேரும் அதற்கு ஒத்துழைக்கிறது. லத்தீனில் மாரே என்றால் கடல், மாரினுஸ் என்றால் கடலுக்குரியது, அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. அந்தச் சொல் கடலோடு நின்றுவிடுகிறது, ஆளைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை.

ஆளைப் பற்றிச் சொல்வது படையின் பழைய பெயர். 1664-இல் இங்கிலாந்தில் கப்பல்களில் ஏற்றி அனுப்புவதற்கென்றே ஒரு படைப்பிரிவைத் திரட்டினார்கள், யார்க் கோமகனின் பெயரில். அதன் முழுப்பெயரில் "மாரிடைம் ரெஜிமென்ட் ஆஃப் ஃபுட்" என்று இருந்தது. ஃபுட் என்றால் பாதம், அதாவது காலாட்படை. கப்பலை ஓட்டுவது மாலுமிகளின் வேலை. இவர்கள் எதிரிக் கப்பலோடு மோதும்போது சுடுவதற்கும் கரையில் இறங்கிச் சண்டையிடுவதற்கும் கூடப் போன நிலத்து வீரர்கள். அமெரிக்கா இதைப் பார்த்துத்தான் தன் படையை அமைத்தது. 1775 நவம்பர் 10 அன்று அங்கிருந்த குடியேற்றங்களின் பிரதிநிதி சபையான காங்கிரஸ் இரண்டு பட்டாலியன் மரைன்களைத் திரட்டத் தீர்மானம் போட்டது, இன்றும் அந்தத் தேதியைத்தான் மரைன்கள் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறார்கள். மற்ற மொழிக்காரர்கள் இதில் தெளிவாக இருந்திருக்கிறார்கள். ஸ்பானியத்தில் இன்ஃபான்தெரியா தே மரீனா, ரஷ்ய மொழியில் மர்ஸ்காயா பெஹோத்தா, இரண்டுமே கடல்சார் காலாட்படை என்ற பொருள்தான். சீன மொழியில் கடற்படையின் தரைப்போர் அணி என்ற பொருளில் சொல்கிறார்கள். ஆங்கிலம்தான் காலை விட்டுவிட்டுக் கடலை மட்டும் வைத்துக்கொண்டது, நாம் ஆங்கிலத்தைப் பார்த்து எழுதியதால் நமக்கும் அந்தக் கால் கிடைக்கவில்லை.

அந்தக் கால் எவ்வளவு முக்கியம் என்பதற்குக் கொரியப் போரைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. 1950 செப்டம்பர் 15 அன்று முதல் மரைன் டிவிஷன் இஞ்சோனில் கடல்வழியாக வந்து இறங்கியது, துறைமுகச் சுவரில் ஏணி சாத்தி ஏறினார்கள். இதுவரை பெயருக்கு ஏற்ற வேலைதான். அக்டோபர் கடைசியில் அதே டிவிஷன் கிழக்குக் கரையில் வொன்சானில் இறங்கி வடக்கு நோக்கி மலைக்குள் போனது, நவம்பர் முடிவில் சோசின் நீர்த்தேக்கத்தின் பக்கம் இருந்தது. (சோசின் என்பதே ஜப்பானிய உச்சரிப்பு. கொரியர்கள் அந்த இடத்தை ஜாங்ஜின் என்கிறார்கள். அமெரிக்கர்கள் கையில் இருந்தது ஜப்பானியர் காலத்து வரைபடம் என்பதால் போரின் பெயரே இப்படி ஆகிவிட்டது.) அங்கே அவர்கள் கையில் படகும் இல்லை, கண்ணெதிரே கடலும் இல்லை. ஹங்நாம் துறைமுகம் ஒற்றை மலைச்சாலையில் சுமார் 125 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தது.

நவம்பர் 27 இரவு, வடகொரியாவுக்கு ஆதரவாக வந்த சீனப்படை சூழ்ந்து தாக்கியது. குளிர் பூஜ்யத்துக்குக் கீழே 30 டிகிரி செல்சியசையும் தாண்டி இறங்கியது. பதுங்குகுழி வெட்டலாம் என்றால் மண்வெட்டி இறங்காத அளவுக்குத் தரை இறுகிப்போயிருந்தது, டப்பா உணவு கல்லாக உறைந்தது, அதை அப்படியே தின்றவர்களுக்கு வயிறு கெட்டது, துப்பாக்கி எண்ணெய் கெட்டியாகித் துப்பாக்கிகள் சுட மறுத்தன. நடக்கும்போது வேர்த்துக் காலுறை நனையும், நின்றதும் அந்த ஈரம் பூட்சுக்குள்ளேயே உறையும், விரல்கள் கறுத்துப்போகும். பனியால் உடல் பாதிக்கப்பட்டவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். டோக்டோங் கணவாயில் கேப்டன் வில்லியம் பார்பரின் கீழ் சுமார் 240 பேர் கொண்ட ஃபாக்ஸ் கம்பெனி ஒரு குன்றை ஐந்து இரவுகள் விடாமல் பிடித்துவைத்திருந்தது. பார்பர் காலில் குண்டடி பட்ட பிறகும் தூக்குப்படுக்கையில் கிடந்தபடி கட்டளை கொடுத்துக்கொண்டிருந்தார். அந்தக் கணவாய் கைமாறியிருந்தால் நீர்த்தேக்கத்தின் மேற்கே யூடாம்னி என்ற ஊரில் இருந்த இரண்டு ரெஜிமென்ட்களுக்குத் திரும்பி வர வழியே இருந்திருக்காது.

இந்த மனிதர்களைத்தான் "கடற்படை வீரர்கள்" என்று எழுதுகிறோம்.

இதே சோசினில் உண்மையான கடற்படை வீரர்களும் இருந்தார்கள், அவர்களைத் தவறாமல் நினைக்க வேண்டும். மரைன் படைக்கென்று தனி மருத்துவப் பிரிவு கிடையாது. ஒவ்வொரு பிளாட்டூனோடும் போகிற மருத்துவ உதவியாளர் அமெரிக்கக் கடற்படையைச் சேர்ந்தவர், கார்ப்ஸ்மேன் என்பது அவருடைய பதவி, வீரர்கள் அவரை "டாக்" என்று கூப்பிடுவார்கள். வலியை அடக்கும் மார்ஃபின் உறைந்துபோகாமல் இருக்க அந்தச் சிறு ஊசிக்குழல்களை வாயிலேயே அடக்கி வைத்துக்கொண்டு, குண்டடி பட்டவரிடம் ஊர்ந்து போய்ப் போட்டவர்கள் அவர்கள். பிளாஸ்மா பாட்டில்கள் உறைந்து பயன்படாமல் போயின. எல்லோரையும் கடற்படை வீரர் என்று எழுதிவிட்டால் காலாள் யார், அவரைக் காப்பாற்றப் போன கடற்படைக்காரர் யார் என்ற வேறுபாடே போய்விடும், இரண்டு பேருக்குமே அது அநீதி.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? "ஈரூடகப் படை" என்று சிலர் எழுதுகிறார்கள். நீர், நிலம் என்ற இரண்டு ஊடகத்திலும் இயங்குவது என்ற பொருளில் உருவானது, பொருள் தப்பில்லை. ஆனால் இன்று ஊடகம் என்றால் டிவியும் பத்திரிகையும்தான் ஞாபகத்துக்கு வரும், பொதுவாசகருக்கு அது உதவாது. "கடற்சிப்பாய்" கேட்க நன்றாக இருந்தாலும் மாலுமிக்கும் பொருந்திவிடுகிறது. என் தேர்வு கடற்காலாள், படைக்குக் கடற்காலாட்படை. காலாள் என்பது கால் + ஆள், தேர், யானை, குதிரை என்ற மூன்றோடு நான்காவதாக நாம் காலங்காலமாகச் சொல்லிவந்த சொல். புறநானூற்றின் 55-ஆம் பாட்டு இந்த நான்கையும் அடுக்கும்போது களிற்றுக்குச் சினத்தையும் குதிரைக்கு வேகத்தையும் தேருக்குக் கொடியையும் சொல்லிவிட்டு, நடந்து போரிடுகிறவர்களை "நெஞ்சுடைய புகன்மறவர்" என்கிறது. காலாளுக்கு ஊர்தி கிடையாது, அவனுக்குச் சொல்ல இருப்பது நெஞ்சம்தான் என்று அந்தப் புலவர் கண்டுகொண்டிருக்கிறார். ஆங்கில இன்ஃபன்ட்ரியின் வேர் வேறு மாதிரி. லத்தீனில் இன்ஃபான்ஸ் என்றால் இன்னும் பேச்சு வராதவன், அதாவது குழந்தை. அது இத்தாலியத்தில் இளைஞன் என்றாகி, அப்புறம் நடந்துபோகும் வீரன் என்றானது. களத்துக்குப் போனவர்களின் வயதை நினைத்தால் அந்த வேரும் மனதைத் தைக்கத்தான் செய்கிறது.

மரைன் படையில் விமானி, பீரங்கிக்காரர், சமையல்காரர், எழுத்தர் எல்லோரும் உண்டே, அவர்களை எப்படிக் காலாள் என்பது என்று ஒரு கேள்வி வரலாம். நியாயமான கேள்விதான். ஆனால் ஒவ்வொரு மரைனும் முதலில் துப்பாக்கி வீரர் என்பது அந்தப் படையின் அடிப்படைக் கொள்கை. சோசின் நீர்த்தேக்கத்தின் தென்முனையில் இருந்த ஹகாருவில் ஒரு குன்றைத் திரும்பப் பிடிக்க மேஜர் ரெஜினால்ட் மையர்ஸ் கூட்டிக்கொண்டு ஏறிய சுமார் 250 பேர், மரைனிலும் தரைப்படையிலும் இருந்த அலுவலக, சேவைப் பிரிவு ஆட்கள். அன்றைக்கு அவர்களும் காலாட்களே. பிரித்துச் சொல்ல வேண்டிய இடத்தில் "கடற்காலாட்படையின் விமானி", "கடற்காலாட்படையின் துப்பாக்கி வீரர்" என்று எழுதினால் போதும்.

எல்லா மரைனுக்கும் இந்தச் சொல்லைப் போட்டுவிடவும் கூடாது. 1987-இல் தொடங்கப்பட்ட இந்தியாவின் மார்கோஸ் பெயரில் மரைன் கமாண்டோ என்று இருந்தாலும் அவர்கள் இந்தியக் கடற்படையின் சிறப்பு அணி, அவர்களைக் கடற்படை கமாண்டோ என்பதே சரி. இலங்கைக் கடற்படை 2016-இல் அமைத்த மரைன் படைப்பிரிவு கடற்படைக்குள் இருந்தாலும் கரையிறங்கிப் போரிடும் வேலைக்கானது, அங்கே கடற்காலாள் பொருந்தும்.

இதோடு சேர்ந்தே வருகிற இன்னொரு தொடர் "காம்பாட் சர்வீஸ்". அதைப் "படைப்பணி" என்று எழுதினால் முகாமில் இருந்த நாட்களும் அதற்குள் வந்துவிடும். எதிரியின் சூட்டுக்குள் நின்ற பணி என்பதே அதன் பொருள், அதற்குப் போர்முனைப் பணி என்பது நேராக இருக்கிறது. அமெரிக்கக் கடற்படையும் மரைன் படையும் 1969-இல்தான் இதற்கென்று காம்பாட் ஆக்‌ஷன் ரிப்பன் என்ற ஒரு பட்டையை உருவாக்கின, அதுவும் வியட்நாம் காலத்தவர்களை மனதில் வைத்து. 1941 டிசம்பர் 7 வரை பின்னோக்கிச் செல்லும்படி சட்டம் வந்தது 1999-இல். சோசின் மலையில் நின்றவர்களுக்கு அந்தப் பட்டையை அணியும் உரிமை கிடைத்தபோது பலர் எழுபது வயதை நெருங்கிவிட்டார்கள், பலர் உயிரோடு இல்லை. இனி அப்படிப்பட்ட ஒருவரைப் பற்றி எழுத நேர்ந்தால், "கொரியப் போரில் அமெரிக்கக் கடற்காலாட்படையில் துப்பாக்கி வீரராகப் போர்முனைப் பணியாற்றியவர்" என்று எழுதுங்கள்.