31வது கிலோமீட்டர்ல உடம்புக்குள்ள என்ன நடக்குது?

போன ஜனவரி சென்னை மாரத்தான்ல 31 கிலோமீட்டர் வரைக்கும் நல்லாத்தான் ஓடிக்கிட்டு இருந்தேன், மூச்சு வாங்கல, கால் வலிக்கல, வாட்ச்சுல பேஸ், அதாவது ஒரு கிலோமீட்டருக்கு ஆகுற நேரம், நினைச்சபடியே போய்க்கிட்டு இருந்துச்சு, அதுக்கப்புறம் பத்தே நிமிஷத்துல எல்லாம் மாறிடுச்சு. தொடை ரெண்டும் ஈர மணல் மூட்டை கட்டின மாதிரி கனக்குது, இன்னும் எத்தனை கிலோமீட்டர்னு கழிச்சுப் பாக்கக்கூட மூளைக்கு வரல. மீதி தூரத்தை நடந்து ஓடி நடந்து ஓடித்தான் முடிச்சேன். ரன்னர்ஸ் இதை 'வால்'னு சொல்வாங்க, சுவர் வந்து நிக்கிற மாதிரி இருக்கறதால. மனசுல தெம்பு பத்தலன்னுதான் ரொம்ப நாள் நினைச்சுக்கிட்டு இருந்தேன். படிச்சுப் பாத்தா இது சுத்தமா எரிபொருள் கணக்கு, அது தெரிஞ்சிருந்தா அந்த வருஷம் முழுக்க பிராக்டிஸையே வேற மாதிரி பண்ணியிருப்பேன்.

கணக்கு இதுதான். ஒரு கிலோமீட்டர் ஓட, உடம்பு எடையில ஒவ்வொரு கிலோவுக்கும் சுமாரா ஒரு கலோரி செலவாகும். 65 கிலோ ஆள் மாரத்தானோட 42.195 கிலோமீட்டரையும் ஓடினா கிட்டத்தட்ட 2,700 கலோரி. இதுக்கு நம்ம கிட்ட ரெண்டு டேங்க் இருக்கு. ஒண்ணு கிளைக்கோஜன், அதாவது நாம சாப்பிடுற சோறு இட்லியில இருந்து வர்ற சர்க்கரைய உடம்பு சேத்து வெச்சுக்கிற வடிவம், தசையில ஒரு 400, 500 கிராம், கல்லீரல்ல ஒரு 100 கிராம், எல்லாம் சேத்து சுமார் 2,000 கலோரிதான் தேறும். அதுலயும் ஒரு சிக்கல், தசைக்குள்ள போன கிளைக்கோஜன் திரும்ப சர்க்கரையா ரத்தத்துக்கு வராது, அதுக்கு வேண்டிய என்சைம் தசையில கிடையாது. கையில, தோள்ல இருக்கறத கால் கடன் வாங்க முடியாது. ரெண்டாவது டேங்க் கொழுப்பு. ஒல்லியா இருக்கற ஆள்கிட்டயே 70,000 கலோரிக்கு மேல இருக்கும், ஒரு மாரத்தான் இல்ல, இருபதுக்கு மேல ஓடலாம்.

அப்புறம் ஏன் 31ல நிக்குது? கொழுப்பு மெதுவாத்தான் எரியும். அது கொழுப்பு செல்லுல இருந்து கிளம்பி, ரத்தத்துல ஏறி, தசைக்குள்ள வந்து, செல்லுக்குள்ள அடுப்பு மாதிரி இருக்கற மைட்டோகாண்ட்ரியாவுக்குள்ள போய்த்தான் சக்தியாகணும், அதே சக்திக்கு ஆக்சிஜனும் கொஞ்சம் கூட வேணும். நீங்க வேகத்தைக் கூட்டக் கூட்ட உடம்பால இவ்வளவு நேரம் காத்திருக்க முடியாது, சட்டுன்னு கிடைக்கிற கிளைக்கோஜனை எடுத்துக்கும். முதல் 10 கிலோமீட்டர்ல கூட்டத்தோட உற்சாகத்துல கிலோமீட்டருக்கு 20, 30 செகண்ட் வேகமா போறோம் பாருங்க, அப்ப நல்லாத்தான் இருக்கும், ஆனா கடைசியில வேண்டியதை முதல்லயே எரிச்சுடுறோம். கல்லீரல்ல இருக்கறதும் குறைஞ்சா ரத்தச் சர்க்கரை இறங்கும், மூளை பெரும்பாலும் நம்பியிருக்கறது அந்தச் சர்க்கரையைத்தான். எனக்கு கழித்தல் கணக்கு வராமப் போனதுக்கும் இதுதான் காரணமா இருந்திருக்கணும்.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வரேன். ஒரே வேகத்துல ஓடும்போது கொழுப்போட பங்கை கூட்ட முடியும், அதுக்கு வழி மெதுவா, நிறைய ஓடுறது. 1967ல அமெரிக்காவுல ஜான் ஹாலோஸின்னு ஒரு விஞ்ஞானி எலிகளை வாரக்கணக்கா டிரெட்மில்லுல ஓட விட்டுப் பாத்தாரு, அதுங்களோட கால் தசையில மைட்டோகாண்ட்ரியாவோட வேலைத் திறன் ஏறக்குறைய ரெண்டு மடங்கா ஆயிருந்துச்சு. மனுஷங்களுக்கும் இதேதான் நடக்குது. அடுப்பு அதிகமானா மெதுவா எரியுற விறகுலயே சமையல் ஆயிடும்ல, அந்த மாதிரி. தசையைச் சுத்தி சின்னச் சின்ன ரத்தக் குழாய்களும் புதுசா முளைக்கும், இதயம் ஒரு துடிப்புல தள்ளுற ரத்தமும் கூடும். இதெல்லாம் வாரக்கணக்குல, மாசக்கணக்குல ஆகுற வேலை. பக்கத்துல ஓடுறவங்க கூட முழு வாக்கியமா பேசிக்கிட்டே ஓட முடியணும், அதுதான் ஈஸி ரன். எங்க குரூப்ல தினமும் போட்டி மாதிரி ஓடுற தம்பிங்க நிறைய பேர், அவங்களைப் பாக்கும்போது எனக்கு உண்மையிலேயே கவலையா இருக்கும், ஏன்னா தினமும் வேகமா ஓடினா களைப்புதான் சேரும், வார மொத்த தூரம் ஏறவே ஏறாது, முட்டியும் கணுக்காலும் வேற பாதிக்கும். வாரத்துல ஒரு நாள், ரெண்டு நாள் வேகம் போதும்ப்பா.

டேங்கை பெருசு பண்ணவும் முடியும்னு 1966லயே தெரியும். ஸ்வீடன்ல பெரிஸ்ட்ரோம், ஹுல்ட்மேன்னு ரெண்டு மருத்துவர்கள், தங்களையே சோதனைக்கு வெச்சுக்கிட்டாங்க. ஒரே சைக்கிள்ல ஆளுக்கொரு பக்கம், ஒரு காலால மட்டும் மிதிச்சு அந்தக் கால்ல இருந்த கிளைக்கோஜனை காலி பண்ணிட்டு, அடுத்த மூணு நாள் கார்ப், அதாவது மாவுச்சத்து, நிறைய சாப்பிட்டாங்க. ஊசியால தசையை கொஞ்சம் எடுத்துப் பாத்தா, உழைச்ச காலுல கிளைக்கோஜன் சும்மா இருந்த காலைவிட ஏறக்குறைய ரெண்டு மடங்கு! ஒரே ஆளு, ஒரே சாப்பாடு, ஒரு கால் மட்டும். இதைப் படிச்ச அன்னைக்கு எனக்கு தூக்கமே வரல. ரேஸுக்கு முன்னாடி கார்ப் நிறைய சாப்பிட்டு டேங்கை நிரப்புற கார்ப் லோடிங் பண்றோமே, அதோட வேர் இங்கதான் இருக்கு.

நம்ம ஊர்ல இதுக்கு தனியா ஒண்ணும் வாங்க வேண்டாம். கடைசி ரெண்டு நாள் தினமும் கிலோ எடைக்கு 8 முதல் 10 கிராம் கார்ப்னு சொல்வாங்க, 65 கிலோ ஆளுக்கு ஒரு நாளைக்கு 520 கிராமாவது வரும். 100 கிராம் வெந்த சோத்துல 28 கிராம்தான் கார்ப், அப்ப சோறா மட்டும் சாப்பிட்டா ஒண்ணே முக்கால் கிலோவுக்கு மேல வேணும், யாராலயும் முடியாது, அதனால இட்லி, வாழைப்பழம், ஜூஸ், வெல்லம்னு பிரிச்சுக்கணும், எண்ணெயும் கீரை மாதிரி நார்ச்சத்தும் அந்த ரெண்டு நாள் குறைச்சுக்கணும். எடை ஒரு கிலோ, ஒண்ணரை கிலோ ஏறும், பதறாதீங்க, ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனும் கூட 3 கிராம் தண்ணியப் பிடிச்சு வெச்சுக்கும். ஓடும்போதும் மணிக்கு 30 முதல் 60 கிராம் கார்ப் உள்ள போகணும், சர்க்கரை ஜெல்லோ வாழைப்பழமோ எதுவா இருந்தாலும் பிராக்டிஸ்ல ஓடுற நீண்ட ஓட்டம், அந்த லாங் ரன்லயே பழகிக்கணும், ரேஸ் அன்னைக்கு புதுசா எதையும் வயித்துக்குக் குடுக்கக்கூடாது.

சென்னையில இன்னொரு விஷயம் சேருது. எரிக்கிற சக்தியில கால்வாசிதான் ஓட்டமாகுது, மீதி சூடு. 2,700ல சுமார் 2,000 கலோரி சூடு, அது வெளிய போகலன்னா 65 கிலோ உடம்போட வெப்பநிலை கணக்குப்படி 30 டிகிரிக்கு மேல ஏறணும். காப்பாத்துறது வேர்வைதான், ஒரு லிட்டர் வேர்வை ஆவியானா 580 கலோரி சூட்டை எடுத்துக்கிட்டுப் போகும். ஆனா ஆவியானாத்தான். ஜனவரி விடியக்காலையில குளிர்ச்சியா இருந்தாலும் கடற்கரைப் பக்கம் காத்துல ஈரம் ஜாஸ்தி, வேர்வை சொட்டுதே ஒழிய காயாது. அப்ப உடம்பு ரத்தத்தை தோலுக்கு அனுப்பும், அதே பேஸுக்கே இதயத்துடிப்பு ஏறும், சூடான தசை கிளைக்கோஜனையும் வேகமா எரிக்கும். ஊட்டியில இருந்தோ பெங்களூர்ல இருந்தோ வந்து ஓடுறவங்க அங்க ஓடின பேஸை இங்க அப்படியே வெச்சுக்கக்கூடாது. 10 முதல் 14 நாள் இந்த சூட்டுல ஓடினா ரத்தத்தோட தண்ணிப் பகுதியான பிளாஸ்மா கூடி, வேர்வை சீக்கிரமே கிளம்பி, அதுல உப்பும் குறையும்.

அதுக்காக கண்ட கண்ட இடத்துல தண்ணி குடிச்சுக்கிட்டே போறதும் ஆபத்து. 2002 பாஸ்டன் மாரத்தான்ல 488 பேரோட ரத்தத்தைப் பரிசோதிச்சப்ப 13 சதவீதம் பேருக்கு ரத்தத்துல சோடியம், அதாவது உப்புச் சத்து, குறைஞ்சிருந்துச்சு, ஓடி முடிக்கும்போது எடை ஏறியிருந்தவங்களுக்குத்தான் அது அதிகமா இருந்துச்சு, அதாவது வேர்த்ததைவிட அதிகமா குடிச்சவங்க. தாகம் எடுத்தா குடிங்க. லாங் ரன்னுக்கு முன்னாடியும் பின்னாடியும் எடை பாத்தா உங்க வேர்வை எவ்வளவுன்னு உங்களுக்கே தெரிஞ்சுடும்.

கடைசி ரெண்டு மூணு வாரம் தூரத்தை பாதியா குறைக்கணும், வேகமான ஓட்டத்தை மட்டும் கொஞ்சம் அப்படியே வெச்சுக்கணும். அதுவரை கிழிஞ்ச தசை அப்பதான் தைக்கப்படும், கிளைக்கோஜன் நிரம்பும். அந்த வாரங்கள்ல பயம் வரும், இன்னும் ஒரு 30 கிலோமீட்டர் ஓடிப் பாத்துடலாமான்னு தோணும், ஓடாதீங்க. எனக்கு வர்ற ஞாயித்துக்கிழமைதான் கடைசி 30, காலையில நாலு மணிக்கு பெசன்ட் நகர்ல கிளம்புறேன், பேசிக்கிட்டே ஓடுற பேஸ்ல, இடுப்புப் பையில ரெண்டு வாழைப்பழத்தோட.