ஹார்ட்விக் மாளிகைச் சன்னலில் இளகி இறங்குவது எது?

"பழைய மாளிகைகளில் சன்னல் கண்ணாடி மெல்ல வழிந்து அடிப்பக்கம் தடித்துவிடுமாமே?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். இங்கிலாந்தின் டெர்பிஷயரில் உள்ள ஹார்ட்விக் மாளிகையை வைத்தே பதில் சொல்லலாம்.

பெஸ் என்ற செல்வச் சீமாட்டிக்காக 1590 முதல் 1597 வரை எழுந்த வீடு அது. வடிவமைத்தவர் ராபர்ட் ஸ்மித்சன் என்பார்கள். 'சுவரைவிடக் கண்ணாடி அதிகம்' என்று பெயரெடுத்த கட்டடம். பாரத்தையும் புகைபோக்கிகளையும் உள்ளே ஓடும் தடித்த சுவர்கள் ஏற்றுக்கொண்டதால்தான் வெளிச்சுவரை இவ்வளவு திறக்க முடிந்தது. வெளியிலிருந்து சன்னலாகத் தெரியும் சிலவற்றுக்குப் பின்னால் இருப்பது புகைபோக்கி!

கண்ணாடி வழிவதில்லை. 500 டிகிரி செல்சியஸ் தாண்டினால்தான் அது இளகும். அக்காலக் கண்ணாடியை ஊதிச் செய்தார்கள். ஒரு பக்கம் தடிக்கும், மறுபக்கம் மெலியும். தடித்த பக்கம் மேலே இருக்கும் துண்டுகளும் உண்டு. இந்தக் கட்டுக்கதையை வகுப்பறையில் இன்னும் சொல்வது வருத்தமாக இருக்கிறது.

உண்மையில் இறங்குவது ஈயம். அன்று பெரிய கண்ணாடித் தகடு வார்க்கத் தெரியாது. சிறு துண்டுகளை இருபுறமும் பள்ளமுள்ள ஈயப் பட்டைகளில் செருகி, சந்துகளைப் பற்றவைத்து, சீமைச்சுண்ணாம்பும் ஆளிவிதை எண்ணெயும் குழைத்த மக்கால் இடுக்கை அடைத்தார்கள்.

ஈயம் 327 டிகிரி செல்சியஸில் உருகும்; முழுப் பூச்சியத்திலிருந்து எண்ணும் கெல்வின் அளவில் அது 600. அறை வெப்பம் 293 கெல்வின், கிட்டத்தட்ட அதில் பாதி. இரும்பை இதே நிலைக்கு, அதாவது கெல்வின் கணக்கில் அதன் உருகுநிலையின் பாதிக்கு, கொண்டுவர ஏறக்குறைய 630 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்க வேண்டும். உலையில் மங்கிய சிவப்பாக ஒளிரும் இரும்பு அது. நம் கைக்குக் குளிர்ந்து தெரியும் ஈயம், அணுக்களின் கணக்கில் அவ்வளவு சூடாக இருக்கிறது. படிகங்களுக்குள் அணுக்கள் இடம்பெயர, தன் எடையிலேயே பட்டை ஆண்டுக்கணக்கில் நீள்கிறது. போதாததற்கு, வெயிலில் கண்ணாடியைப்போல் மூன்று மடங்கு விரிகிறது. ஈயப் பட்டையும் கண்ணாடியும் சேர்ந்த பலகம் வயிறு தள்ளுகிறது, மக்கு உதிர்கிறது, மழைநீர் புகுகிறது, கண்ணாடி விரிசல் விடுகிறது.

அதனால்தான் ஏறக்குறைய ஓர் அடிக்கு ஒன்றாகக் கிடைமட்ட இரும்புக் கம்பி. ஈயத்தில் பற்றவைத்த செப்புக் கம்பியை அதில் முறுக்கிக் கட்டுவார்கள். ஆனால் இரும்புக் கம்பியின் முனை கல்லுக்குள் துருப்பிடித்தால் பல மடங்கு பருத்துக் கல்லையே பிளந்துவிடும். பழுது பார்ப்பவர்கள் அம்முனையை வெட்டி, துருப்பிடிக்காத உலோகத்தை ஒட்டிப் பொருத்துகிறார்கள். வயிறு தள்ளிய பலகத்தை நின்ற நிலையில் அழுத்தினால் கண்ணாடி தெறிக்கும். கழற்றிப் படுக்கவைத்து, மேலே சிறு எடைகளை வைத்துக் காத்திருந்தால் ஈயம் தானாகவே மட்டத்துக்குத் திரும்பும்.