கூட்டமாக நகர்ந்தால் மாறும் கணக்கு

பிள்ளைகளின் எண்ணிக்கையில் தனக்கு 1 அலகு இழப்பை ஏற்று, அருகிலிருக்கும் இன்னொன்றுக்கு 5 அலகு நன்மை செய்யும் பண்பு ஓர் உயிரினத்தில் தோன்றுகிறது. அது பரவுமா? 1964-இல் பரிணாம உயிரியலாளர் ஹாமில்டன் சொன்ன விதிப்படி, நன்மையை மரபு உறவின் அளவால் பெருக்கி வருவது இழப்பைவிடக் கூடுதலாக இருந்தால் பரவும். அப்படியானால் பிறந்த இடத்தை விட்டு அதிகம் நகராத உயிர்கள் உறவினர் நடுவே வாழ்வதால், அவற்றிடம் ஒத்துழைப்பு செழிக்க வேண்டும். 1992-இல் பீட்டர் டெய்லர் இந்தக் கணக்கை முழுசாகப் போட்டுப் பார்த்தார். விடை வேறாக வந்தது.

உயிர்கள் சிறு சிறு திட்டுகளாகப் பிரிந்து வாழ்வதாக வைத்துக்கொள்வோம். ஒரு திட்டுக்கு 10 உயிர்கள். தலைமுறைக்கு 10 சதவீதம் வெளியேறுகின்றன. ஒரே திட்டில் வாழும் இரண்டும் அங்கேயே பிறந்தவையாக இருக்க வாய்ப்பு 0.9 × 0.9 = 0.81. தன்னையும் சேர்த்த சராசரி உறவு 1 ÷ (10 − 9 × 0.81), அதாவது 0.37. மற்றவற்றோடு மட்டும் என்றால் 0.81 × 0.37 = 0.30. நன்மை 5 × 0.30 = 1.5, இழப்பு 1. பரவும்போலத்தான் தெரிகிறது.

ஆனால் திட்டில் இடம் பத்துதான். உதவியால் கூடுதலாகப் பிறப்பவை 5 − 1 = 4 அலகு. அவற்றில் 0.9 பங்கு அங்கேயே தங்கும். அவை இடம் பிடிக்கத் தள்ளிவிடுபவற்றில் 0.9 பங்கு உள்ளூர்ப் பிள்ளைகளே. உறவினருக்கு நேரும் இந்த நஷ்டம் 4 × 0.81 × 0.37 = 1.2. ஆக நிகர விடை 1.5 − 1 − 1.2 = −0.7. நன்மையை 50 ஆக்கினாலும் அதே −0.7தான், நன்மை கூடக்கூட நெரிசலும் அதே அளவு கூடிவிடுகிறது.

2006-இல் ஆண்டி கார்ட்னரும் ஸ்டூவர்ட் வெஸ்ட்டும் ஒன்றை மாற்றினார்கள்: தனித்தனியாக அல்ல, குழு குழுவாகப் பிரிந்து நகரட்டும். பாரோ எறும்புகள் புதுக் கூடு வைப்பது இப்படித்தான். எல்லாக் குழுக்களும் தூரத் திட்டுகளுக்குப் போய் அந்நியரோடு மோதினால் 1.2 கழிவு மறைகிறது. 10 சதவீதத் தனிநபர் கலப்பு தொடர்ந்தாலும் உறவு 0.30 அப்படியே நிற்கிறது. விடை +0.5. இந்தத் தாங்குதிறனுக்கும் எல்லை உண்டு: கலப்பு ஏறக்குறைய 15 சதவீதத்தைத் தாண்டினால் உறவு 0.2-க்குக் கீழே போய்விடும், ஒத்துழைப்பு மறுபடி தோற்கும்.

கணினியில் இதை எழுதும்போது எளிதில் நுழையும் பிழை ஒன்று உண்டு. ஒவ்வொரு திட்டிலிருந்தும் சம எண்ணிக்கையில் குழுக்களை அனுப்பினால், எவ்வளவு தூரம் நகர்த்தினாலும் பயனில்லை. செழித்த திட்டு அதிகக் குழுக்களை அனுப்ப வேண்டும்.

ஆய்வகத்திலும் இதே கதைதான். சூடோமோனாஸ் ஏருஜினோசா என்ற பாக்டீரியா, இரும்பைப் பிடித்துத் தரும் பயோவெர்டினைச் சுரந்து வெளியே விடுகிறது. சுரக்காத வகையும் அதை ஓசியில் பயன்படுத்திக்கொள்ளும். 2004-இல் செய்த சோதனையில் ஒவ்வொரு சோதனைக் குழாயும் ஒரு திட்டு. உறவினரே ஒரே குழாயில் இருக்கும்படி வளர்த்து, எல்லாக் குழாய்களையும் ஒன்றாகக் கலந்து அடுத்த தலைமுறைக்கு எடுத்தபோது சுரப்பவை நன்றாகத் தாக்குப்பிடித்தன. குழாய்க்கு இத்தனை என்று சமமாக எடுத்தபோது அந்த அனுகூலம் சுருங்கியது. 2009-இல் குழுவாக நகர்த்துவதையும் சோதித்தார்கள். சுரப்பவைக்கு அது சாதகமாகவே அமைந்தது.