விழாமலே முறிந்த கால்: வீட்டு ட்ரம்போலினும் நம் பிள்ளைகளும்

நல்லூர்த் திருவிழாவை ஒட்டி வெளிநாட்டு உறவினர்கள் ஊருக்கு வந்து போகும் ஆடி, ஆவணி மாதங்களில், இயன்மருத்துவராகிய (பிசியோதெரபிஸ்ட்) என்னிடம் கொண்டுவரப்படும் சிறு பிள்ளைகளின் தொகை சற்றுக் கூடுவது வழக்கம். முன்பெல்லாம் மாமரத்தில் ஏறி விழுந்தவர்களும், சைக்கிளின் பின்னால் இருந்து போகையில் சில்லுக்குள் காலைக் கொடுத்தவர்களுமே வருவார்கள். இப்போது அந்த வரிசையில், சட்டத்தில் ஸ்பிரிங்குகளால் இழுத்துக் கட்டிய விரிப்பும் சுற்றிவர வலையும் கொண்ட ட்ரம்போலினில் துள்ளியவர்களும் சேர்ந்திருக்கிறார்கள்.

தொடையிலிருந்து கால்விரல் வரை பிளாஸ்டர் போடப்பட்டிருந்த மூன்றரை வயதுச் சிறுமி ஒருத்தியை அவளுடைய அம்மம்மா இடுப்பில் சுமந்துகொண்டு வந்திருந்தார். என்ன நடந்தது என்று கேட்டபோது, அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "கீழ விழவே இல்லை மிஸ். வலைக்குள்ளதான் நிண்டவள். மாமாவோட சேர்ந்து துள்ளிக்கொண்டு நிண்ட பிள்ளை திடீரெண்டு கத்தினாள். பிறகு காலை ஊண்டவே மாட்டன் எண்டிட்டாள்." விழாத பிள்ளைக்கு முறிவு வராது என்று நம்பி, சுளுக்காக இருக்கும் என வீட்டார் இரண்டு நாட்கள் எண்ணெய் பூசித் தடவியிருக்கிறார்கள். எக்ஸ்ரே எடுத்தபோதுதான் முழங்காலுக்குச் சற்றுக் கீழே கணைக்கால் என்பு முறிந்திருப்பது தெரியவந்தது.

அம்மம்மா சொன்னதில் பொய் எதுவும் இல்லை. இரண்டு வயது முதல் ஐந்து வயது வரையான பிள்ளைகளுக்கு ட்ரம்போலினில் ஏற்படும் முறிவுகளில் இது மருத்துவர்களுக்கு நன்கு தெரிந்த ஒரு வகை. எண்பது கிலோ எடையுள்ள மாமா துள்ளி இறங்கும்போது விரிப்பு ஆழமாகத் தாழ்ந்து, அதைச் சுற்றியுள்ள ஸ்பிரிங்குகள் எல்லாம் இழுபட்டு, மறுகணம் முழு வேகத்தோடு மேலெழும். பதினான்கு கிலோப் பிள்ளை கீழிறங்கும் அதே நேரத்தில் விரிப்பு மேலெழுந்து வருமானால், மாமாவின் எடை சேர்த்துவைத்த விசை முழுவதையும் அந்தச் சின்னஞ்சிறு கால் வாங்கிக்கொள்கிறது. தன் எடைக்கு ஏற்ற துள்ளலை மாத்திரமே தாங்கக்கூடிய, இன்னும் முற்றாத என்பு அது. பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு துள்ளினால் ஆபத்தில்லை என்று பலர் எண்ணுகிறார்கள். விரிப்பு மேலே வரும் வேகத்தைக் கையால் தடுக்க முடியாது.

அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 1977ஆம் ஆண்டிலிருந்தே ட்ரம்போலின் பற்றி எச்சரித்து வருகிறது. 2012இல் வெளியிட்ட கொள்கை அறிக்கையில், வீடுகளில் இதைப் பயன்படுத்துவதையே அது வலுவாக மறுதலித்தது. காயங்களில் ஏறத்தாழ முக்கால்வாசி, ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் ஒரே நேரத்தில் துள்ளும்போது ஏற்படுபவை என்றும், அவ்வாறு துள்ளுபவர்களில் எடை குறைந்த பிள்ளை காயமடைவதற்கான வாய்ப்பு 14 மடங்கு அதிகம் என்றும் அந்த அறிக்கை கூறுகிறது. ஆறு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை ஏற்றவே கூடாது என்பதும் அந்தக் கழகத்தின் அறிவுரை. என்னைக் கேட்டால் வாங்கவே வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஆனால் கனடாவிலிருந்து சித்தப்பா கப்பலில் போட்டு அனுப்பிய பெட்டி வீட்டுக்கு வந்து, பிள்ளைகள் அதைப் பார்த்தும் விட்ட பிறகு அந்தச் சொல்லுக்கு வீட்டில் மதிப்பிருக்காது என்பதையும் அறிவேன்.

வைத்திருப்பதென்றால், ஒரு நேரத்தில் ஒருவர் என்ற விதியில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். இரட்டைப் பிள்ளைகளுக்கும் இந்த விதி பொருந்தும். இருவரும் சம எடையாக இருந்தாலும் தலையோடு தலை மோதுவதும் ஒருவர் மேல் ஒருவர் விழுவதும் நடக்கும். சொல்ல எளிதான விதி என்றாலும் பிறந்தநாள் வீடுகளில்தான் அது முதலில் உடைகிறது. பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் கூடியிருக்க, பெரியவர்கள் கேக் வெட்டுவதிலும் படம் எடுப்பதிலும் மூழ்கியிருக்க, வலைக்குள் ஆறு பேர் நிற்பதை யாரும் கவனிப்பதில்லை. அன்றைக்கு விரிப்பில் யாரும் ஏறாதபடி வலையின் வாசலைக் கயிற்றால் கட்டிவிடுவதே நல்லது. சாதாரண நாட்களில், காத்திருக்கும் பிள்ளை உரத்த குரலில் ஐம்பது வரை எண்ண, மற்றப் பிள்ளை துள்ளட்டும் என்று நான் சொல்லிக்கொடுப்பதுண்டு. நாற்பதுக்குப் பிறகு எண்கள் மின்னல் வேகத்தில் ஓடும் என்பது வேறு கதை. எப்படியோ முறை மாறுகிறது.

சுற்றிவரக் கட்டிய வலையைப் பார்த்துப் பெற்றோர் கொள்ளும் நிம்மதி எனக்குக் கவலை தருகிறது. கீழே விழுவதால் ஏற்படும் காயங்கள் மொத்தத்தில் சுமார் மூன்றிலொரு பங்குதான். விரிப்பின் மேலேயே நேரும் காயங்களுக்கு வலையால் எதுவும் செய்ய முடியாது. அதேபோல, அருகில் பெரியவர் ஒருவர் நின்றுகொண்டிருக்கும்போதே மூன்றிலொரு பங்கு முதல் அரைவாசி வரையான விபத்துகள் நடந்திருப்பதாகவும் மேற்சொன்ன அறிக்கை குறிப்பிடுகிறது. விறாந்தையில் தேநீர்க் கோப்பையோடு இருந்து கைபேசியைப் பார்த்துக்கொண்டு, இடைக்கிடை "கவனம், கவனம்" என்று குரல் கொடுப்பது மேற்பார்வை ஆகாது. இரண்டாவது பிள்ளை ஏற முற்பட்டால் எழுந்து போய் இறக்கிவிடுபவரே மேற்பார்வையாளர்.

குத்துக்கரணம் அடிப்பதை எந்த வயதிலும் அனுமதிக்காதீர்கள். இந்தக் கருவியை 1930களில் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் உருவாக்கிய ஜோர்ஜ் நிசன் ஒரு ஜிம்னாஸ்டிக் வீரர். 2000ஆம் ஆண்டு சிட்னியில் இது ஒலிம்பிக் போட்டியாகவும் ஆனது. அங்கே கரணம் அடிப்பவர்கள் பயிற்றுநரின் கண்காணிப்பில் பல ஆண்டுகள் பழகியவர்கள். கைபேசியில் அதைப் பார்த்துவிட்டு நம் வளவில் முயலும் பன்னிரண்டு வயதுப் பையன் தலை கீழாக இறங்கினால், கழுத்தென்பும் அதனுள்ளே இருக்கும் முண்ணாணும் (தண்டுவடம்) சேதமடையலாம். டவுன் சின்ட்ரோம் உள்ள பிள்ளைகளுக்குக் கழுத்தின் மேல் மூட்டு தளர்வாக இருக்கக்கூடும் என்பதால், மருத்துவரிடம் கேளாமல் அவர்களை ஏற்றவே கூடாது.

நமது வளவுகளுக்கென்றே சில ஆபத்துகள் உண்டு. வலிகாமத்துச் செம்மண் கோடையில் சீமெந்து போல இறுகிவிடும். முற்றத்துச் சீமெந்தைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. கிணற்றுக்கட்டு, முள்ளுக்கம்பி வேலி, மதில், உடுப்புக் காயப்போடும் கொடிக்கயிறு ஆகியவற்றுக்கு அருகிலும், தென்னை, பனைக்குக் கீழும் இதை நிறுத்தக்கூடாது. சோளகக் காற்று வீசும் மாதங்களில் கால்களை நிலத்தில் முளையடித்துக் கட்டாவிட்டால் முழுச் சட்டமும் புரண்டுவிடும். எங்கள் வெயிலில் வலையின் நூலும் விரிப்பின் தையலும் விரைவில் இற்றுப்போகின்றன. பெருவிரலால் வலையை அழுத்திப் பாருங்கள், நூல் பொடிந்தால் அது வெறும் அலங்காரம். தீவகத்தில் ஒரு வீட்டில் உப்புக்காற்றில் ஸ்பிரிங்குகள் துருவேறி இரண்டு கழன்றிருந்ததைக் கண்டு, விரிப்பைக் கழற்றிவிடச் சொன்னேன். அடுத்த முறை போனபோது அந்தச் சட்டத்தில் பாகற்கொடி படர்ந்திருந்தது. ஸ்பிரிங்குகளை மூடும் மெத்தை கிழிந்திருந்தால் அன்றே துள்ளலை நிறுத்துங்கள். ஏறுவதற்குப் பிளாஸ்டிக் கதிரை வைக்காதீர்கள். வைத்தால் சின்னவரும் தானாக ஏறக் கற்றுக்கொள்வார்.

விபத்து நடந்துவிட்டால், பிள்ளை கழுத்து நோகிறது என்றாலோ, கை கால் விறைக்கிறது என்றாலோ, தூக்கி ஓட்டோவில் ஏற்ற முற்படாதீர்கள். விரிப்பில் வேறு யாரும் ஏறி அதை அசைக்காமல், தலையை அசையவிடாது இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு 1990 இலக்கத்துக்கு அழையுங்கள். அந்த இலக்கத்தில் கிடைக்கும் இலங்கையின் சுவசெரிய அம்புலன்ஸ் சேவை இலவசமானது. கை கால் முறிவு என்று சந்தேகித்தால், மடித்த செய்தித்தாளையோ காட்போட் மட்டையையோ அணைகொடுத்துக் கட்டி வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். எண்ணெய் தடவுவதும் இழுத்து விடுவதும் புக்கை கட்டுவதும் எக்ஸ்ரேக்கு முன்னர் வேண்டாம். மயக்க மருந்து கொடுக்க நேரலாம் என்பதால் வழியில் எதுவும் உண்ணவோ குடிக்கவோ கொடுக்காதிருப்பது நல்லது. சின்னப் பிள்ளை விழாவிட்டாலும், வீக்கம் இல்லாவிட்டாலும், காலை ஊன்ற மறுத்தால் அதுவே எக்ஸ்ரே எடுக்கப் போதுமான காரணம்.

அந்தச் சிறுமியின் பிளாஸ்டரைச் சில வாரங்களில் வெட்டிவிட்டார்கள். இந்த வயதினருக்கு என்னுடைய வேலை மிகக் குறைவு. நான் பயிற்சி சொல்லிக்கொடுக்கும் முன்பே அவர்கள் நொண்டியபடி நடந்து, பிறகு ஓடவும் தொடங்கிவிடுவார்கள். பெற்றோரும் அத்துடன் கிளினிக்குக்கு வருவதை நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் முழங்காலுக்குக் கீழே ஏற்படும் இந்த வகை முறிவு நன்றாகப் பொருந்திய பின்னரும், அடுத்துவரும் மாதங்களில் அந்தக் கால் மெல்ல வெளிப்பக்கம் சரிந்து, முழங்கால் உள்ளே தள்ளியதுபோல் வளர்வதுண்டு. பெரும்பாலும் அது சில ஆண்டுகளில் தானாகவே நேராகிவிடும். நேராகிறதா என்பதை அளந்து பார்ப்பதற்காகத்தான் கிளினிக் கொப்பியில் அடுத்த திகதி எழுதித் தருகிறார்கள்.