ரங்கூன் வண்டிக்கு ஆயில் எப்போது மாற்றுவது?

ரங்கூனில் ஓடும் ஜப்பான் கார்களில் டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால், உள் ஓரத்தில் சின்ன ஸ்டிக்கர் ஒட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஜப்பானில் கடைசியாக எஞ்சின் ஆயில் மாற்றிய தேதியும் அப்போதைய கிலோமீட்டரும், அடுத்து எப்போது மாற்றவேண்டும் என்பதும் அதில் இருக்கும். வருடம் 30 என்று போட்டிருந்தால் அது ஹெய்சேய் கணக்கு, அதாவது ஜப்பான் பேரரசரின் ஆட்சியை வைத்து எண்ணும் வருடம். 1988-ஐக் கூட்டினால் 2018 வரும். 2019 மே மாதத்திலிருந்து அடுத்த பேரரசரின் ரெய்வா கணக்கு. அதற்கு 2018-ஐக் கூட்டவேண்டும். வண்டி வாங்கும்போது இந்த ஸ்டிக்கரை அவசியம் படியுங்கள். இன்றைய மீட்டர், அன்றைக்கு எழுதிய கிலோமீட்டரைவிடக் குறைவாக இருந்தால் யாரோ மீட்டரைத் திருப்பியிருக்கிறார்கள்.

ஆனால் அதிலுள்ள இடைவெளியை அப்படியே இங்கே பின்பற்றக் கூடாது. டொயோட்டா தன் நாட்டில் டர்போ இல்லாத பெட்ரோல் வண்டிகளுக்குப் பொதுவாகச் சொல்லிவந்தது 15,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம், இரண்டில் எது முன்னால் வருகிறதோ அது. கடினமான ஓட்டம் என்றால் அதில் பாதி: 7,500 கிலோமீட்டர் அல்லது ஆறு மாதம். கடினம் என்றதும் மலை, சேறு, பாரம் என்றுதான் நினைப்போம். ஒரு தடவைக்கு 8 கிலோமீட்டருக்குள் முடியும் ஓட்டம், ஊர்ந்து போவது, நின்றபடி எஞ்சின் ஓடுவது, இவையும் அந்தப் பட்டியலில் உண்டு. மார்க்கெட், கோயில், பிள்ளைகளின் டியூஷன் என்று டாம்வே வட்டாரத்தைத் தாண்டாத கார், வாரம் தவறாமல் வெளியூரான பெகுவுக்குப் போய்வரும் காரைவிட ஆயிலைச் சீக்கிரம் கெடுக்கும். கேட்பவர்கள் நம்புவதில்லை.

காரணம் சூடுதான். பெட்ரோல் எரியும்போது தண்ணீர் ஆவி உண்டாகும். அதில் கொஞ்சமும், எரியாத பெட்ரோல் கொஞ்சமும் பிஸ்டன் ரிங்கைத் தாண்டி ஆயிலில் இறங்கும். ஆயில் நன்றாகச் சூடேறி அரைமணி நேரம் ஓடினால் பெரும்பகுதி ஆவியாகிப் போய்விடும். பத்து நிமிடத்தில் வண்டியை நிறுத்தினால் எல்லாம் உள்ளேயே தங்கும். மழைக்காலத்தில் ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் மோர் நிறத்தில் படிவது இதுதான். மூடியில் மட்டும் என்றால் பயமில்லை, ஒருநாள் நெடுஞ்சாலையில் ஓட்டுங்கள். ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கிலும் அதே நிறம் தெரிந்தால் ரேடியேட்டர் தண்ணீர் கலக்கிறதா என்று உடனே பார்க்கவேண்டும்.

அப்புறம் நின்றபடி ஓடும் நேரம். பெட்ரோல் வரிசையில், பியே ரோடு நெரிசலில், கரண்ட் போன இரவில் ஏசிக்காக வண்டிக்குள் உட்கார்ந்து என்று ஓடும் எஞ்சினுக்கு மீட்டரில் கணக்கே ஏறாது. ஒரு மணி நேரம் நின்று ஓடினால் 33 மைல் ஓடியதாக எடுத்துக்கொள்ளச் சொல்கிறது ஃபோர்டு, அதாவது சுமார் 53 கிலோமீட்டர். தினம் ஒரு மணி நேரம் என்றால் மாதத்துக்கு 1,600 வந்துவிடும். பெட்ரோலிலும் பேட்டரியிலும் ஓடும் ஹைபிரிடில் இது தலைகீழ்: பேட்டரியில் ஓடிய தூரமும் மீட்டரில் சேரும். அதனால் கிலோமீட்டரை நீட்டலாம் என்கிறார்கள். ஆனால் எஞ்சின் அணைந்து அணைந்து ஓடுவதால் ஆயில் முழுச் சூட்டுக்கு வருவதே அங்கே குறைவு. நான் நீட்டச் சொல்லமாட்டேன்.

என் பட்டறையில் நான் சொல்லும் கணக்கு இதுதான். நகரத்துக்குள் மட்டும் ஓடும் பெட்ரோல் கார், நல்ல சிந்தெடிக் ஆயில் என்றால் 5,000 முதல் 6,000 கிலோமீட்டர் அல்லது ஆறு மாதம். பெரும்பாலும் நெடுஞ்சாலை ஓட்டம் என்றால் 8,000 வரை போகலாம். டர்போ வண்டிக்கு 5,000-ஐத் தாண்டவேண்டாம். வீட்டில் மூடியே கிடக்கும் காருக்கும் வருடம் ஒருமுறை. 3,000-க்கு ஒருமுறை என்று மாற்றுவது பழைய மினரல் ஆயில் காலத்துப் பழக்கம். அதில் லாபம் கடைக்காரருக்கு மட்டும்தான்.

"அண்ணே, ஆயில் கறுத்துப்போச்சு, மாத்திடலாமா?" என்று டாக்சித் தம்பிகள் கேட்பார்கள். அழுக்கைப் பிடித்து வைத்துக்கொள்வதுதான் அதன் வேலை, கறுக்கத்தான் செய்யும். டீசல் என்றால் புது ஆயில் ஊற்றிக் கொஞ்ச தூரத்திலேயே கறுத்துவிடும். நிறத்தைவிட அளவைப் பாருங்கள். டொயோட்டா ப்ரோபாக்ஸ் காரின் 1.5 லிட்டர் எஞ்சின் ஃபில்டரோடு சேர்த்துக் குடிப்பது சுமார் 3.7 லிட்டர். வயதான எஞ்சின் ஒரு லிட்டரைத் தின்றுவிட்டால் கால்பங்குக்கு மேல் காலி. மிச்சமிருக்கும் ஆயிலுக்கு வேலை கூடி அதுவும் சீக்கிரம் கெடும். எஞ்சின் தட்டுகிறது என்று வருகிற வண்டிகளில் பாதிக்கும் மேல், தேதி தவறாமல் ஆயில் மாற்றியும் நடுவில் ஒருநாள்கூட டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்க்காத வண்டிகள்தான்.

பதினைந்து நாளுக்கு ஒருமுறை, காலையில் ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன்னால், சமதரையில் பாருங்கள். துடைத்து, முழுக்கச் செருகி, மறுபடி இழுக்கவேண்டும். இரண்டு குறிக்கும் நடுவில் இருந்தால் சரி. குறையாமல் மேலே ஏறியிருந்தால் சந்தோஷப்படாதீர்கள். முகர்ந்துபாருங்கள், பெட்ரோல் வாடை வந்தால் ஆயிலில் பெட்ரோல் கலந்திருக்கிறது. அந்த ஆயிலுக்குக் கிலோமீட்டர் பார்க்கவேண்டாம், மாற்றிவிடுங்கள்.

வெயிலுக்குக் கெட்டி ஆயில் நல்லது என்று 20டபிள்யூ-50 கேட்பவர்களும் உண்டு. இந்த எஞ்சின்களில் ஆயில் வழிகள் குறுகல், வால்வு திறந்து மூடும் நேரத்தை (வால்வு டைமிங்) நகர்த்துவதும் ஆயில் அழுத்தம்தான். வண்டியின் கையேட்டுப் புத்தகம் அதைவிட இளகிய 5டபிள்யூ-30 என்றால் அதையே ஊற்றுங்கள். டப்பாவின் சீலை உங்கள் கண்முன்னால் உடைக்கச் சொல்லுங்கள். காலி டப்பாவை அங்கேயே விட்டு வந்தால் அது மறுபடி நிரம்பிக் கடைக்கு வரலாம், ஒரு ஆணியால் ஓட்டை போட்டுவிடுங்கள். ஃபில்டரையும் ஒவ்வொரு முறையும் மாற்றுங்கள். பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டு நிற்பதுண்டு. அதன்மேல் புதியதை மாட்டினால் பாதி வழியில் ஆயில் முழுக்கக் கொட்டிவிடும். மாட்டுவதற்கு முன் பையனிடம் பழைய வளையத்தைக் காட்டச் சொல்லுங்கள்.