கணினிக்கும் டிஸ்க்குக்கும் நடுவே இரண்டு மீற்றர்

வெள்ளவத்தையில் பெரியம்மா வீட்டுக்குப் போனபோது, தேநீருக்கு முன்பே ஒரு ஹார்ட் டிஸ்க்கை எடுத்துக் கையில் தந்தார். உள்ளங்கை அளவுள்ள 2.5 அங்குல டிஸ்க். பழைய குடும்பப் படங்கள் முழுவதும் ஸ்கேன் செய்து அதற்குள்தான் இருக்கின்றன.

"தம்பி, டிக் டிக் எண்டு சத்தம் மட்டும்தான் வருது. கடைக்குப் போன் பண்ணிக் கேட்டன், டிஸ்க் செத்துப்போச்சு எண்டு சொல்லிப்போட்டாங்கள்."

கணினிப் பெட்டி மேசைக்கு அடியில் இருந்தது, டிஸ்க்குக்கு அலுமாரித் தட்டில் இடம். இரண்டுக்கும் நடுவே புறக்கோட்டையில் வாங்கிய 2 மீற்றர் நீட்டிப்பு வயர். அதைக் கழற்றிவிட்டு, டிஸ்க்கோடு வந்த அரை மீற்றர் வயரை நேராகப் பெட்டியின் பின்பக்கத்தில் செருகினேன். டிஸ்க் மெல்ல உறுமிச் சுழலத் தொடங்கியது. படங்கள் எல்லாம் அப்படியே இருந்தன.

அந்த 2 மீற்றரில் என்ன நடந்தது? முதலில் மின்சாரம். இந்தச் சிறிய டிஸ்க்குக்குத் தனி அடாப்டர் கிடையாது. தரவு வரும் அதே வயரில்தான் 5 வோல்ட் மின்சாரமும் வருகிறது. யூஎஸ்பி 3 துளை 0.9 அம்பியர் வரை தர வேண்டும் என்பது விதி. டிஸ்க்குக்கு அதிகப் பசி எடுப்பது நின்ற நிலையிலிருந்து சுழலத் தொடங்கும் கணத்தில். வயரின் மேலுறையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், '28 ஏடபிள்யூஜி' என்று பொடி எழுத்தில் இருந்தது. இது கம்பியின் பருமனைச் சொல்லும் எண். எண் கூடினால் கம்பி மெலிவு. 28 என்றால் விட்டம் 0.32 மில்லிமீற்றர், தடை ஒரு மீற்றருக்கு 0.21 ஓம். இரண்டு வயரும் சேர்ந்து 2.5 மீற்றர், மின்னோட்டம் போய்த் திரும்ப வேண்டும் என்பதால் 5 மீற்றர். மொத்தத் தடை 1 ஓமைத் தாண்டுகிறது. 0.9 அம்பியர் ஓடினால் கிட்டத்தட்ட 1 வோல்ட் வயரிலேயே கரைந்துபோகும். 5 வோல்ட் புறப்பட்டு 4 வோல்ட் வந்து சேர்ந்தால் மோட்டார் எப்படிச் சுழலும்? முயல்கிறது, விழுகிறது, மறுபடி முயல்கிறது. பெரியம்மா கேட்ட டிக் டிக் அதுதான். கடலோரத்து உப்புக் காற்றில் செருகிகள் கறுத்துவிட்டால் தடை இன்னும் ஏறும்.

சரி, பெரிய 3.5 அங்குல டிஸ்க்குக்குத் தனி அடாப்டர் உண்டே, அதை எவ்வளவு தூரத்திலும் வைக்கலாமா? முடியாது. அங்கே இன்னொரு சிக்கல் வருகிறது, எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் அதுதான்.

யூஎஸ்பி 3.0 வயரில் செக்கனுக்கு 500 கோடி பிட்கள், அதாவது 1, 0 என்ற குறிகள், ஓடுகின்றன. ஒரு பிட்டுக்குக் கிடைக்கும் நேரம் 200 பைக்கோ செக்கன், அதாவது ஒரு நனோ செக்கனில் ஐந்தில் ஒரு பங்கு. வயருக்குள் சைகை ஒரு நனோ செக்கனில் சுமார் 20 சென்ரிமீற்றர் போகும். அப்படியென்றால் வயரில் ஒரு பிட் பிடிக்கும் இடம் 4 சென்ரிமீற்றர்தான், ஒரு தீப்பெட்டியை விடச் சிறியது. கடைசிப் பிட் கணினியை விட்டுக் கிளம்பும்போது, அதற்கு முன்னால் அறுபதுக்கும் மேற்பட்ட பிட்கள் அந்த 2.5 மீற்றர் வயரில் வரிசையாக ஓடிக்கொண்டிருக்கும்.

ஆடிவேல் ஊர்வலம் காலி வீதியில் தூரத்தில் வரும்போது தவிலின் 'தொம் தொம்' மட்டும்தான் கேட்கும். வலக்கை விரல்களில் மாட்டிய கூடுகள் கொட்டும் வேகமான சொற்கட்டுகள் கிட்ட வந்த பிறகுதான் தனித்தனியாகத் தெரியும். கூர்மையான ஒலி தூரத்தில் முதலில் மங்குகிறது. செப்புக் கம்பியிலும் இதே கதை. பிட்டின் செங்குத்தான விளிம்பு உயர் மீடிறன்களால், அதாவது வேகமான அதிர்வுகளால் ஆனது. மீடிறன் ஏற ஏற மின்னோட்டம் கம்பியின் மேல்தோலுக்கு ஒதுங்கிவிடும், 2.5 கிகாஹேர்ட்ஸில் அந்தத் தோலின் தடிப்பு சுமார் 1.3 மைக்ரோமீற்றர். உள்ளே இருக்கும் செம்பு சும்மா கிடக்கிறது. போதாததற்குக் கம்பியைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக்கும் சைகையின் ஒரு பங்கை விழுங்கிச் சூடாக்குகிறது. விளிம்பு மழுங்கிய பிட் பக்கத்துப் பிட்டின் இடத்துக்குள் வழிந்துவிடும். இழந்த கூர்மையை மறுமுனைச் சிப் ஓரளவுக்கு மீட்டெடுக்கும். அந்த ஓரளவும் தீர்ந்துபோனால் 1 எது, 0 எது என்று அதற்குத் தெரியாது. நீட்டிப்பு வயர் என்றால் நடுவில் ஒரு மூட்டு வேறு. மூட்டில் சைகையின் ஒரு துண்டு எதிரொலித்துத் திரும்பி, பின்னால் வரும் பிட்களைக் குழப்பும்.

அதனால்தான் யூஎஸ்பி 3.0 விதிநூல் மீற்றர்க் கணக்கு எதையும் எழுதவில்லை. சைகை எவ்வளவு மங்கலாம் என்று மட்டும் வரம்பு வைத்தது; நல்ல தடித்த வயரில் அது சுமார் 3 மீற்றர் வரும். வேகம் கூடக் கூட நீளம் சுருங்கும். 10 கிகாபிட்டுக்கு 1 மீற்றர், 40 கிகாபிட்டுக்கு 0.8 மீற்றர். வெளி டிஸ்க்குகளுக்கென்றே வந்த ஈசாட்டா இணைப்புக்கு 2 மீற்றர்.

பழைய யூஎஸ்பி 2.0இன் 5 மீற்றர் வரம்புக்குக் காரணமே வேறு: பொறுமை. கணினி கேள்வி கேட்டால் சுமார் 1.5 மைக்ரோ செக்கனுக்குள் பதில் வந்தாக வேண்டும், இல்லாவிட்டால் எதிரே ஆளில்லை என்று முடிவுகட்டிவிடும். வழியில் ஐந்து ஹப்கள் (ஒரு துளையைப் பலவாக்கும் பெட்டிகள்), ஆறு வயர்கள் வரை இருக்கலாம் என்பதால் ஒவ்வொரு வயருக்கும் 26 நனோ செக்கன் தாமதம்தான் அனுமதி. அது 5 மீற்றர்.

இன்னொன்று கவனிக்க வேண்டும். யூஎஸ்பி 3 வயருக்குள் பழைய யூஎஸ்பி 2 சோடிக் கம்பிகளும் இருக்கின்றன. வேகச் சோடி தோற்றால் டிஸ்க் சத்தமில்லாமல் பழைய சோடிக்கு இறங்கிவிடும். செக்கனுக்கு 100 மெகாபைட்டில் ஓடிய பிரதி திடீரென 35க்கு விழுந்தால் முதலில் வயரை மாற்றிப் பாருங்கள். எழுதிக்கொண்டிருக்கும்போதே இணைப்பு விட்டு விட்டு வந்தால் நிலைமை மோசம், கோப்புகளே சிதையலாம். அப்படிப்பட்ட வயரில் ஒரு நாள்கூட எழுத விடாதீர்கள்.

உண்மையிலேயே தூரம் வேண்டுமானால், சொந்த அடாப்டர் உள்ள ஹப்பை நடுவில் வைக்கலாம். அது மின்சாரத்தையும் தரும், மழுங்கிய பிட்களையும் புதிதாக வடித்து அனுப்பும். இன்னும் தூரம் என்றால் ஒளியிழை வயர் உண்டு. கண்ணாடி இழையில் ஒளி மங்குவது மிகக் குறைவு. கல்கிசையில் கரையேறிய சீ-மீ-வீ 3 கடலடி வயர் 39,000 கிலோமீற்றர் நீண்டது அந்தப் பலத்தில்தான், வழியில் பெருக்கிகளின் துணையோடு. ஆனால் ஒளியால் டிஸ்க்கைச் சுழற்ற முடியாது, மின்சாரத்துக்கு வேறு வழி வேண்டும். வீட்டின் மறுகோடிக்கு டிஸ்க் போக வேண்டுமென்றால் நெட்வேர்க்கில் இணைப்பதே என் தெரிவு, ஈதர்நெட் வயர் 100 மீற்றர் தாங்கும்.

பெரியம்மாவுக்கு இவை எதுவும் தேவைப்படவில்லை. டிஸ்க்கை மேசைக்கே கொண்டுவந்தோம். நீட்டிப்பு வயரைப் பிரிண்டருக்குக் கொடுத்தேன். பிரிண்டருக்குச் சொந்த மின்சாரம் இருக்கிறது, யூஎஸ்பி 2.0 வேகமே அதற்குப் போதும், பிரிண்டரின் வயரோடு சேர்ந்தும் மூன்றரை மீற்றர்தான், 5 மீற்றர் வரம்புக்குள். அன்று மாலையே அம்மப்பாவின் படம் ஒன்றை அதில் அச்சடித்துக் கொடுத்தார்.